கடிகாரக்காரர் வீட்டு அடிவயிறு

மூக்கக்காவின் மூக்கு ஒன்றும் பெரிதில்லை. யார் முகத்தில் வைத்தாலும் பொருந்தக்கூடிய சாதாரண மூக்கு. ஆனாலும் மூன்று தெருவுக்கு அவள் பெயர் அதுதான். நிஜப் பெயர் கரண்டு பில்லில் மட்டும் வரும். அதைப் பார்க்கும்போது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்ட மாதிரி அவளுக்கே கூச்சமாக இருக்கும்.

ஏழு வயதில், பீரோவுக்குப் பின்னால் சுண்டெலி செத்துக் கிடக்கிறது என்று அடம்பிடித்து வீட்டையே நகர்த்த வைத்தவள். எலியும் கிடந்தது. "நாயாப் பொறக்க வேண்டியது, வழி தவறி என் வயித்துல வந்துடுச்சு" என்றாள் அம்மா. இருபத்திரண்டு வயதில் ஒரு வரன் வந்தது. பையனுக்கு எந்தப் பழக்கமும் கிடையாது என்று பையனின் அம்மா சொல்லி வாய் மூடவில்லை, "இன்னைக்குக் காலையில ரெண்டு சிகரெட்டு" என்று இவள் சொல்லிவிட்டாள். அத்தோடு வரன் வருவது நின்றது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அவள் தன் வழியில் போய்விட்டாள். அவள் விஷயத்தில் அந்தப் பழமொழி கொஞ்சம் அதிகமாகவே பலித்தது.

வீட்டுக்கு அடியிலிருந்து வரும் நாற்றத்தின் மூலத்தைக் கண்டுபிடிப்பது, எலி நுழையும் வழியைப் பார்த்து அடைப்பது. இதுதான் தொழில். அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் பழையவை. பலகைத் தரை. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு இருட்டு. அந்த இருட்டுக்குள் வயிறு தேய ஊர்ந்து போக வேண்டும். அதை அவளும் அவள் தம்பியும் 'அடிவயிறு' என்பார்கள். "டாக்டர் மேல் வயித்தைப் பார்ப்பாரு, நாங்க அடிவயித்தைப் பார்ப்போம்" என்று தம்பி எல்லா வீட்டிலும் ஒரே ஜோக்கைச் சொல்வான். எல்லா வீட்டிலும் ஒருவராவது சிரிப்பார்கள்.

தம்பி கீழே, அக்கா மேலே. அவனுக்கு உடம்பு பாம்பு மாதிரி வளையும். இவளுக்கு மூக்கு. செத்த எலி என்றால் இனிப்பாக நாறும், பதினைந்து நாளில் தானாக அடங்கும். உயிரோடு இருக்கும் எலியின் மூத்திரம் கண்ணைக் கரிக்கும். சாக்கடைக் காற்று அழுகிய முட்டை. அது மூக்கில் நிற்காது, நாக்குக்கு அடியில் போய் உட்காரும். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாள். சாக்கடைக் காற்று வரும் ஓட்டைதான் பெரும்பாலும் எலி வரும் ஓட்டை. அதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு வழி இருந்தது.

வீட்டுக்கு வெளியே சாக்கடைக் குழாயின் வாயைத் திறந்து, ஒரு மூடி அளவு புதினாத் தைலமும் ஒரு கெட்டில் கொதிக்கும் தண்ணீரும் ஊற்றுவான் தம்பி. ஆவி குழாய் முழுக்கப் பரவும். குழாயில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே புதினா வாசனை வெளியேறி வீட்டுக்குள் ஏறும். ஊற்றிவிட்டு வெளிச்சுவரில் ஒரு தட்டு. உள்ளே ஜன்னல்களை எல்லாம் சாத்திக்கொண்டு அறை அறையாக அக்கா மோந்து பார்ப்பாள். வாசனை இல்லை என்றால் ஒரு தட்டு, வருகிறது என்றால் இரண்டு. அவ்வளவுதான் பேச்சு.

இதற்கு ஒரே ஒரு விதி. ஊற்றியவன் உள்ளே வரக்கூடாது. தைலம் அவன் கையில், சட்டையில், தலைமுடியில் ஒட்டியிருக்கும். அவன் பக்கத்தில் வந்தால் வீடே புதினா மணக்கும். அப்புறம் எது குழாய் வாசனை, எது ஆள் வாசனை என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அப்படி நடந்துவிட்டால் அன்றைக்கு மூட்டையைக் கட்டிவிட வேண்டும். குளித்து, உடுப்பு மாற்றி, இன்னொரு நாள் வந்துதான் மறுபடி பார்க்க வேண்டும்.

அந்த விதியை மூக்கக்கா ஒரே ஒரு முறைதான் மீறினாள். ஆறு வருடத்துக்கு முன்னால், கடிகாரக்காரர் வீட்டில்.

கடிகாரக்காரர் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்த்தவர். அப்போதே கடையை மூடிவிட்டு, படுக்கையில் விழுந்த மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னறையில் ஏதோ நாறுகிறது என்று அந்த அம்மா தினமும் சொன்னாள். கையில் ஒரு குச்சி வைத்திருப்பாள். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அதனால் தரையைத் தட்டுவாள். அன்றைக்குத் தம்பி அடிவயிற்றில் ஊர்ந்தபோது, அவன் தலைக்கு மேலேயே தட்டியிருக்கிறாள். அவன் கீழேயிருந்து திருப்பித் தட்டினான். அவள் மறுபடி தட்டினாள். வெளியே வந்ததும், "அக்கா, அந்தம்மாவும் நம்ம கட்சிதான்" என்று சிரித்தான்.

"கீழ ஒரு மொட்டைக் குழாய் நிக்குது. அந்த ரூம் ஒரு காலத்துல குளியலறையா இருந்திருக்கும் போல. தொட்டியை எடுத்தவன் குழாயை மூடாமலே போயிட்டான். இப்போதைக்குத் துணியைச் சுத்தி ஒரு மூடியை வெச்சிருக்கேன். சைஸ் சரியில்ல. வாசனை வந்தா ரப்பர் போட்டு இறுக்கணும்."

வெளியே தைலத்தை ஊற்றினான். தட்டினான். அந்த அம்மா, தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கட்டிலோர ஜன்னலைக் குச்சியால் தட்டினாள். பயந்துவிடப் போகிறாளே என்று தம்பி வெளிப்பக்கமாக ஜன்னல் அருகில் போய், "நான்தாம்மா, குழாய்க்காரன்" என்றான். அவள் ஜன்னலைத் திறந்து, கீழே இருட்டில் பயமாக இல்லையா என்று கேட்டாள். இரண்டு நிமிடம் பேசியிருப்பான். சட்டைப் பையில் தைலப் புட்டி.

மூக்கக்கா அந்த அறைக்குள் நுழைந்தாள். புதினா மணந்தது. ஜன்னலில் தம்பியின் தலை.

மூக்கு மேல் வந்தது கோபம். "எத்தனை வருஷமாடா இந்த வேலை பார்க்கற? பொழைப்பையே கெடுத்துட்டியே!"

"அக்கா, நான் அந்த ரூமுக்குள்ள காலே வைக்கல. காத்து உள்ளேயிருந்து வெளியதான் போகுது பாரு. இது கீழேயிருந்து வருதுக்கா."

"உன் சட்டையிலேருந்து வருது."

மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் வேறொரு இடத்தில் பெரிய வேலை, அதற்கு அடுத்த நாளும் வேலை. கடிகாரக்காரர் வேறு வாசலிலேயே நின்றுகொண்டு, "என்னம்மா, இருக்கா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரு பதில் வேண்டும். தன் மூக்கின் மேல் இவளுக்கு அவ்வளவு திமிர்.

"ஒண்ணும் இல்ல சார். உங்க வீட்டுல எந்த நாத்தமும் இல்ல."

வீடு திரும்பும் வழி முழுக்கத் தம்பி பேசவில்லை. கடைசித் திருப்பத்தில் மட்டும், "நான் காலே வைக்கலக்கா" என்றான் இன்னொரு தரம். மூன்றாவது வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல். எந்த வீட்டு அடிவயிற்றில் வாங்கினானோ தெரியாது. கண் மஞ்சளாகி, ஐந்தே நாளில் போய்விட்டான்.

அதற்குப் பிறகு மூக்கக்கா தனியாகத்தான் போனாள். நாற்பத்தைந்து வயதில் ஊர்ந்து பழகினாள். புதினாத் தைலத்தை மட்டும் தொடவில்லை. புட்டியைத் துணியில் சுற்றி, பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஆனால் யார் வீட்டிலாவது ஜன்னல்களைச் சாத்திவிட்டு அறை நடுவில் மூச்சை இழுத்து நிற்கும்போது, வெளிச்சுவரில் ஒரு தட்டு கேட்கும். ஒரே ஒரு தட்டு. ஊற்றிவிட்டேன் என்று அர்த்தம். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தாள். யாருமில்லை. அப்புறம் பழகிவிட்டது. பழகாதது கீழே கேட்பதுதான். குப்புறப் படுத்து டார்ச்சை நீட்டும்போது, காதுக்குப் பின்னால், மூச்சு படும் தூரத்தில்: நான் காலே வைக்கலக்கா. "வாயை மூடுடா, வேலை பார்க்கறேன்ல" என்பாள். மேலே வீட்டுக்காரர்கள், பாவம் எலியோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன மாதம் கடிகாரக்காரரின் மகள் போன் செய்தாள்.

"அக்கா, ஞாபகம் இருக்கா? அப்பா ஒரு மாதிரி ஆயிட்டாரு. அம்மா போனதும் அந்த ரூமைப் பூட்டியே வெச்சிருந்தாரு. இப்போ திறந்து அங்கதான் படுக்கறாரு. தினம் மத்தியானம் மூணு பத்துக்கு நாத்தம் வருதாம், கூடவே அம்மா கீழேயிருந்து தட்டறாளாம். தரையில காதை வெச்சுப் படுத்துக் கிடக்காருக்கா. எனக்குப் பார்க்கவே பயமா இருக்கு."

"டாக்டர்கிட்ட?"

"வரமாட்டேங்கறாரு. என்கூட வந்து இருங்கன்னா அதுக்கும் முடியாதாம். ஒரே ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கிட்டாரு. நீங்க வந்து ஒண்ணும் இல்லன்னு சொன்னா, அன்னைக்கே கிளம்பி வந்துடறாராம். நீங்க சொன்னா வேதவாக்கு அவருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "போன தடவை சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்கக்கா. போதும்."

மூக்கக்கா போனை வைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். ஆறு வருடம் ஆகியும் புட்டி வறண்டிருக்கவில்லை.

கடிகாரக்காரர் இளைத்திருந்தார். சட்டை ஒரு ஆள், உள்ளே அவர் ஒரு ஆள். கூடத்துச் சுவரில் பதினொரு கடிகாரங்கள், எல்லாம் ஒரே நேரம் காட்டின. "பொறுங்க, இன்னும் எட்டு நிமிஷம்" என்றார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

பின்னறையில் கட்டில் மட்டும் இருந்தது. சுவரோரம் சாய்த்து வைத்த குச்சி. மூக்கக்கா கதவருகில் நின்றாள். மகள் அவளுக்குப் பின்னால் நின்று, முதுகைத் தொட்டு, சொல்லிவிடுங்கள் என்பது போல லேசாகத் தள்ளினாள்.

மூன்று ஒன்பது. மூன்று பத்து.

தரைக்கு அடியில் 'டக்'.

மகளின் கை முதுகிலிருந்து விழுந்தது. மறுபடி 'டக்'. அப்புறம் நிதானமாக, ஒரு பெருமூச்சு போல, பலகை இடுக்கு வழியாக அது ஏறி வந்தது. மூக்கக்காவின் நாக்குக்கு அடியில் உட்கார்ந்தது. அழுகிய முட்டை. அதற்குப் பின்னால், கண்ணைக் கரிக்கும் எலி.

கடிகாரக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

"கீழ போயிட்டு வந்து சொல்றேன் சார்" என்றாள்.

வெளிச்சுவரின் பலகைக் கதவை நீக்கிவிட்டு ஊர்ந்தாள். சிலந்தி வலை, செங்கல் துண்டு, ஒரு பொம்மையின் கை. சுவரோரம் மண்ணில் ஒரு பாதை வழவழவென்று கறுத்திருந்தது. எலிகள் ஒரே தடத்தில் உடம்பை உரசிக்கொண்டு ஓடி ஓடி வரும் எண்ணெய்ப் பிசுக்கு. அந்தப் பாதை கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி நேரே பின்னறைக்கு அடியில் கொண்டுபோய் விட்டது.

மொட்டைக் குழாய் நின்றது. மேலே மூடி, அதன் ஒரு ஓரத்தைப் பல் தின்றிருந்தது. சுற்றியிருந்த துணியை எலிகள் உருவிக் கூடு கட்டியிருந்தன. நீலக் கோடு போட்ட துணி. தம்பியின் பழைய சட்டை. எங்கோ பின்தெருவில் இயந்திரத்தின் இரைச்சல். சலவைப் பட்டறை. மூன்று மணிக்கு மேல் தொட்டிகளைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் சாக்கடையில் பாய, குழாயில் இருந்த காற்று முட்டி மேலே வரும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடி ஒரு விரல் உயரம் எழும்பி, விழுந்தது. 'டக்.' கையை வைத்து அழுத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் அது உயிருள்ளது போல் முட்டியது.

இவ்வளவுதான் பேய். அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. டார்ச்சைத் தூக்கினாள். குழாய்க்கு மேலே உத்திரத்தில் சாக்பீஸ் எழுத்து. அரைகுறையாக விட்ட வேலையை மறக்காமல் இருக்கத் தம்பி எழுதி வைப்பது வழக்கம். கோணல் எழுத்து, பக்கத்தில் குழாயைக் காட்டும் ஒரு அம்புக்குறி.

'மூடணும்.'

நான் காலே வைக்கலக்கா, என்றது காதுக்குப் பின்னால்.

இந்தத் தடவை அவள் வாயை மூடு என்று சொல்லவில்லை. ரப்பர் வளையம் போட்ட மூடியைப் பையிலிருந்து எடுத்துப் பொருத்தி, திருகாணியை இறுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

முற்றத்தில் மகள் தண்ணீர் ஊற்ற, கை கழுவினாள். கடிகாரக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இருக்கு சார். நாத்தமும் இருக்கு, எலியும் இருக்கு. தட்டினது ஒரு மூடி. இன்னைக்கு நேத்து இல்ல, அப்பவே இருந்தது." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். "அன்னைக்கு எனக்கே வாசனை வந்தது. தம்பி சொன்னான். நான்தான் அவன் சட்டைன்னு நெனச்சேன். திரும்பி வந்து பார்த்திருக்கணும். வரல. வீட்டம்மா சொன்னது நிஜம். நான் சொன்னதுதான் பொய்."

மகளின் கையில் சொம்பு அப்படியே நின்றது. "அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அம்மா என்கிட்ட நாத்தம்னு வாயே திறக்கலையே" என்றாள். "மூக்கக்காவே இல்லன்னுட்டாங்க, உனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சுன்னு நானே அம்மாகிட்ட..."

கடிகாரக்காரர் தன் கால் கட்டை விரலைப் பார்த்தார்.

"எனக்கும் வந்துச்சும்மா" என்றார்.

"சார்?"

"அப்பவே எனக்கும் வந்துச்சு. தினம் மூணு பத்துக்கு. உங்களுக்கு வரலையா, வரலையான்னு அவ கேட்பா. நீங்க இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. என் மூக்கைவிட உங்க மூக்கு பெரிசுன்னு நான் நம்பிட்டேன். வரலடின்னு சொல்லிட்டேன். நாலு மாசம் பக்கத்துல படுத்துக்கிட்டே சொன்னேன்." மெதுவாக எழுந்தார். "அவ தட்டறதா எனக்குத் தோணினது ஏன்னு இப்போ தெரியுது. மூடியாவே இருக்கட்டும். திட்டத்தான் தட்டினா."

உள்ளே பதினொரு கடிகாரங்களும் அரை மணி அடித்தன.

மூக்கக்காதான் பேசினாள். "மூடிட்டேன். ஆனா சரியா மூடினேனான்னு பார்க்கணும். நான் ஊத்தினா நான் உள்ள வரக்கூடாது. மோந்து பார்க்க ஒரு ஆள் வேணும். நீங்க வர்றீங்களா சார்?"

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"மூச்சு இழுக்கத் தெரிஞ்சா போதும். இல்லன்னா ஒரு தட்டு, வந்தா ரெண்டு."

அவர் உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஆறு வருடம் கழித்து அவள் புட்டியைத் திறந்தாள். சாக்கடை வாயில் தைலத்தையும் கொதிநீரையும் ஊற்றி, மூடி, ஈரச்சாக்கைப் போட்டாள். சுவரில் ஒரு தட்டு தட்டிவிட்டு விலகி, தெருக்கதவு வரைக்கும் போய் நின்றுகொண்டாள். ஜன்னல் பக்கமே போகவில்லை.

நேரம் போனது. மகள் நகத்தைக் கடித்தாள். மூடி நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. மூக்கக்காவுக்கு அது தெரியும். ஒரு தட்டு வரும். வந்தால் இந்த வீட்டுக்கும் தனக்கும் கணக்குத் தீர்ந்தது.

பின்னறை ஜன்னல் பலகையில், குச்சியின் நுனி.

டக்.

டக்.

"ஐயோ அப்பா" என்றாள் மகள். "அக்கா, அவருக்கு உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கும். உங்க மேலெல்லாம் அதே வாசனை. இல்லன்னா பழசையே நெனச்சுக்கிட்டு... அவரு சொல்றதை விடுங்க, மூடிட்டேன்னு சொல்லிட்டீங்கல்ல, முடிஞ்சுது!"

மூக்கக்கா கையை மோந்து பார்த்தாள். புதினா. சட்டையிலும் புதினா. அவளிடமிருந்து பின்னறைக்கு முப்பது அடி இருக்கும், நடுவில் சாத்திய கதவுகள். இருந்தாலும் வந்திருக்கலாம். மகள் சொல்வதில் நியாயம் இருந்தது. அன்றைக்குத் தான் சொன்னதிலும் இதே நியாயம்தான் இருந்தது.

"அவருக்கு வருதுன்னா வருது" என்றாள். "இன்னைக்கு இதோட சரி. நாளைக்குக் குளிச்சிட்டு வர்றேன்."

"நாளைக்குமா? அப்போ அப்பாவை எப்போ நான்..."

"அது உங்க ரெண்டு பேர் பாடு. எனக்கு இந்த வீடு இன்னும் முடியல."

அன்று சட்டையைக் கொல்லையிலேயே கழற்றிப் போட்டாள். தலைக்கு மூன்று முறை சோப்புப் போட்டாள். காலையில் வேறு உடுப்பில், டார்ச் மட்டும் எடுத்து வந்து பின்னறை ஜன்னலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து கடிகாரக்காரர் குரல் கொடுத்தார். "லேசா இருக்கும்மா, இன்னும் போகல!" குற்றம் சொல்லும் குரல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் குரல்.

பலகைக் கதவை நீக்கினாள். முழங்கை, இடுப்பு, முழங்கால். மூடி அசையாமல் இருந்தது. அதற்கு மேலே 'மூடணும்' என்ற எழுத்து அப்படியே இருந்தது. குழாய் மூடியில் முடியவில்லை. அடியில் வளைந்து சுவருக்குப் பின்னால் இருட்டுக்குள் போனது. நேற்று அவள் அதற்கு மேல் பார்க்கவில்லை. அந்த வளைவிலிருந்து, மெலிதாக, நேற்று ஊற்றிய புதினா வந்தது.

நான் காலே வைக்கலக்கா.

"தெரியும்டா" என்றாள் மூக்கக்கா. "நகரு, அந்தப் பக்கம் வெளிச்சம் அடிக்கணும்."